கோழிகள் நடந்து பார்த்த தரை

தரைக்காரருக்கு யார் முகமும் ஞாபகம் இருக்காது. அது திமிர் இல்லை, தொழில். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் மண்டியிட்டுத் தரை ஷீட் ஒட்டியவருக்கு, மனிதர்கள் கணுக்காலோடு முடிந்துவிடுகிறார்கள். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் முதலில் கீழே பார்ப்பார், செருப்பைக் கண்ட பிறகுதான் "அடடே, நீங்களா!" என்று முகம் மலரும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனபோது கண்டுகொள்ளாமல் போய்விட்டார் என்று சொந்தத்திலேயே அவர்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் உண்டு.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. சுருட்டி வந்த ஷீட்டை வெயிலில் விரித்துப் போட்டு, வளைவு போகும்வரை பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு சுவரோடு சேர்த்து ஒரே இழுப்பில் வெட்டுவார். இணைப்பு எங்கே என்று கண்ணாடி போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அவருக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. வேலையை ஒப்புக்கொண்டதும் விதவிதமான துண்டுகளை எடுத்துப்போய்க் கூடத்தில் வரிசையாகப் போட்டு, வீட்டில் உள்ளவர்களை எல்லாம் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார். "கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, கால் சொல்லட்டும்" என்பார். மாமியார், மருமகள், விருந்துக்கு வந்து தன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் நடந்தாக வேண்டும். அவர் மூலையில் குந்தி உட்கார்ந்து பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். விரல் மடங்கினால் அந்தத் துண்டு வேண்டாம். குதிகால் தயங்காமல் இறங்கினால் அதுதான். வாய் ஆயிரம் சொல்லும், கால் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். அவர் வீட்டுத் தரையைப் பார்த்தால் அந்தப் பல்லியின் நினைவு வரும். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய துண்டுகளை அவ்வப்போது கொண்டுவந்து ஒட்டியதில், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "எங்களுக்கென்ன குறை? ஆஸ்பத்திரியில சமைக்கிறோம், பேங்க்ல சாப்பிடறோம், ஓட்டல்ல தூங்கறோம்" என்று அவர் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் தரையைச் சுற்றிக் காட்டுவார்.

மாடியில் வாடகை வீடு அது. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, பெரிய டீச்சர் என்றால்தான் யாருக்கும் தெரியும். தனியாக இருப்பவர், தனியாக இருப்பதில் பரம திருப்தியும் உள்ளவர். மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலைச் சாத்திவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. பிந்தி வருகிற பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். மாடிவீட்டின் பின்பக்கம் துணி காயப்போடுவதற்காகக் கூரை போட்ட ஒரு பலகைத் தளம் இருந்தது. அதற்கு நேர் கீழே பெரிய டீச்சரின் படுக்கையறை. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்தப் பலகைக்கு மேலும் கீழும்தான்.

தரைக்காரரின் மனைவியைத் தெருவில் தையல்காரம்மா என்பார்கள். தையல் இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே அந்தம்மாவின் குரல் கொஞ்சம் உரத்துப் போயிருந்தது. எதிரே ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊசியோடு பேசுவார், அறுந்த நூலைத் திட்டுவார், சட்டை கொடுத்தவரின் தொப்பையைப் பற்றி அந்தச் சட்டையிடமே கேட்பார். மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போனதும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு வந்தது, துணி துவைக்கப்பட்டது, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆனால் தரைக்காரருக்கு வீட்டுக்குள் நுழைவதே யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பேசத் தெரிந்தவரைக் கட்டிக்கொண்டதால் தனக்குப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்ட மனிதர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மாவின் தம்பி வந்து சேர்ந்தான். தச்சு வேலை செய்கிறவன். சரக்குப் பெட்டிகளைப் பிரித்த மரத்தில் காலும் கதவும் கூரையும் வைத்து அழகாக ஒரு கூண்டு செய்து, அதற்குள் நாலு பெட்டைக் கோழிகளையும் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, வேலை செஞ்ச எடத்துல குடுத்தாங்க. எனக்கு வளக்க நேரம் ஏது? நீ வச்சுக்கோ" என்றான். பெரிய டீச்சரும் சேவல் மட்டும் கூடாது, விடியுமுன் கூவித் தொலைக்கும் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஒரு வாரத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் சோதிக்கும் கறுப்புக் கோழிக்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார் தையல்காரம்மா. வெள்ளைக்கு மகாராணி, பழுப்புக்கு அவசரம், எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து எல்லாவற்றையும் முதலில் தின்னும் புள்ளிக் கோழிக்குக் கடைக்குட்டி. "ஏண்டி அவசரம், முட்டைய எங்க வச்சே? நடுவழியிலயா? ஒரு வெவஸ்தை வேணாமா?" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வரும். உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கும் தரைக்காரர் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொள்வார். சந்தோஷம் என்றால் அவருக்கு அவ்வளவுதான், பின்பக்கத்திலிருந்து வருகிற அந்தக் குரல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு சொட்டு வந்து விழுந்தது. தையல்காரம்மா சுத்தக்காரர். தினமும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கூண்டைக் கழுவுவார். கூண்டின் தரைப்பலகை எச்சத்திலும் ஈரத்திலும் ஊறி உப்பிப்போய், தண்ணீரெல்லாம் அதன் வழியே இறங்கித் தளத்துப் பலகையின் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு விடுமுறை நாள் மதியம் பெரிய டீச்சர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அது சரியாக அவர் நெற்றியில் விழுந்தது. தண்ணீர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை.

முகத்தை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவர் மாடிக்கு வந்தார். "தையல்காரம்மா, எனக்குக் கோழிங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொரு சொட்டு கீழ விழுந்துச்சுன்னா, அதுங்க இந்த வீட்ல இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பெரிய டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்பது அந்தத் தெருவில் படித்த எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா கோழிகளை அடைத்துவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். கோழி போனால் போகட்டும் என்று விடத் தரைக்காரரால் முடியாது. கோழியோடு எது போகும் என்று அவருக்குத்தான் தெரியும். "இந்தாம்மா, ஒழுகறது தரைதானே? கூரைன்னா எனக்குத் தெரியாது, சுவருன்னாத் தெரியாது. தரைன்னா நான் பாத்துக்கறேன். விடு" என்றார். ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசியதே பெரிய விஷயம்.

மச்சானுக்கு ஆள் அனுப்பினார். மூவரும் கூண்டின் முன்னால் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள். உப்பிய பலகையை மாற்றித் தருவதாகத் தம்பி சொன்னான். "மேல செய்தித்தாள் போட்டா?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"ஊறிக் கூழாயிடும்" என்றார் தரைக்காரர்.

"சாக்கு?"

"ஈரத்தக் குடிச்சுட்டு நாறும்."

"பெயின்ட் அடிச்சுடலாம் மாமா. ரெண்டு கோட்டிங்" என்றான் தம்பி.

"கோழி கிளறாம இருக்குமா? உரிச்சு உரிச்சுத் திங்கும். நல்ல ஷீட்டா, ஒரே துண்டா போடணும் மாப்ள. நாலு பக்கமும் சுவத்துல ஒரு சாண் மேல ஏத்தி, மூலைய வெட்டாம மடிச்சு விட்டா, தொட்டி மாதிரி நிக்கும். ஒரு சொட்டு வெளிய போகாது."

"நாலு கோழிக்கு இவ்ளோ ஜோடனையா? பாத்து மாமா, அதுங்க அப்புறம் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்பாங்க."

தரைக்காரர் காதில் வாங்கவில்லை. மறுநாள் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்குப் போனார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நம்ம வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னார். கோழிக்கு என்று சொல்ல என்னவோ கூச்சமாக இருந்தது. சுருள் சுருளாகப் புரட்டி, தடவி, முகர்ந்து, கடைசியில் அவர் எடுத்தது கடையிலேயே உசத்தியான சரக்கு. மங்கலான பின்னணியில் சின்னச் சின்னக் கல் துகள் சிதறியதுபோல் அச்சிட்ட ஷீட். பெரிய மனிதர்களின் வரவேற்பறைக்குப் போடுவது. அழுக்குத் தெரியாது, கீறல் தெரியாது, எத்தனை வருஷமானாலும் புதிதாகவே இருக்கும். அதை அவர் கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் போட்டு முடித்தபோது, தம்பிக்கே கிண்டல் செய்ய வாய் வரவில்லை. தையல்காரம்மா ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சருகுபோல் காய்ந்திருந்தது. "நம்ம வீட்ல இருக்கற தரையிலயே இதான் நல்ல தரை" என்றார். தரைக்காரர் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

மறுநாள் விடியற்காலையில் தரைக்காரரை எழுப்பியது ஒரு சத்தம். டொக். டொக் டொக். டொக் டொக் டொக் டொக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திறந்தார். யாரும் இல்லை. சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். நாலு கோழிகளும் நாலு மூலையில் நின்றுகொண்டு, அச்சிட்ட கல் துகளை நொய்யரிசி என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்தன. கொத்தக் கொத்தத் தீனி வாய்க்கு வராததால் அவற்றுக்கு ஆவேசம். சூப்பர்வைசர் ஒரு துகளைக் கொத்தும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும், இன்னும் பலமாகக் கொத்தும். கூண்டு மரம், தளம் மரம். சத்தம் நேராக இறங்குகிற இடம் பெரிய டீச்சரின் படுக்கையறை.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று ஓடி வந்தார் தையல்காரம்மா. கதவைத் திறந்து கோழிகளை வெளியே விட்டபின்தான் சத்தம் அடங்கியது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பலகைமேல் மண்டியிட்டுக் காது கொடுத்தார்கள். கீழே கட்டில் கிறீச்சிட்டது. நடமாடும் சத்தம், தண்ணீர் விடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் பெரிய டீச்சர் குடையும் பையுமாகத் தெருவில் விறுவிறுவென்று போவது தெரிந்தது. மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சொல்லாமப் போறாங்களே" என்றார் தரைக்காரர்.

"புலி பதுங்கறது எதுக்குன்னு நெனைக்கிறீங்க?"

அடுத்த ஷீட் உடனே கிடைப்பதாக இல்லை. கடையில் சரக்கு வரத் தாமதம். அதுவரை கோழிகள் விடிந்தும் விடியாமலும் கொத்திக்கொண்டே இருந்தன. கூண்டின் மேல் போர்வை போட்டு மூடிப் பார்த்தார்கள். சந்து வழியே வந்த வெளிச்சத்தில் கொத்தின. வயிறு நிறையத் தீனி வைத்துப் பார்த்தார்கள். தின்றுவிட்டுத் தெம்பாகக் கொத்தின. பெரிய டீச்சரோ படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ஒருநாள் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. தையல்காரம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. திட்டுகிற மனிதரைச் சமாளித்துவிடலாம், சிரிக்கிற தலைமையாசிரியையை என்ன செய்வது?

சரக்கு வந்ததும் தரைக்காரர் அச்சே இல்லாத ஷீட்டாகப் பார்த்து எடுத்தார். ஒரு புள்ளி கிடையாது, ஒரு கோடு கிடையாது. கண்ணாடிபோல் வழவழவென்று, முகம் பார்க்கலாம். ராத்திரி அடைகிற நேரத்தில் அவசரம்தான் முதலில் உள்ளே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் நிற்க முடியாமல் கால் இரண்டும் இரண்டு திசையில் விரிய, எதிர்ச் சுவர்வரை வழுக்கிக்கொண்டு போய் முட்டியது. மகாராணி வாசலில் ஒரு காலை வைத்து, எடுத்து, உதறிவிட்டுத் திரும்பி நடந்தது. பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. வீட்டுக்குள் புகுந்து சூப்பர்வைசர் தையல் இயந்திரத்தின் மேலும், கடைக்குட்டி பாதி தைத்திருந்த கோட்டின் மேலும் படுத்துக்கொண்டன. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தரைக்காரர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் சறுக்கியது ஆனை இல்லை, அவர் மனைவியின் கோழி. அதன் காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே தையல்காரம்மா வெடித்தார்.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் வெறுங்கால்ல நடக்கவிட்டுப் பாப்பீங்க. விருந்துக்கு வந்தவங்களைக்கூட விடமாட்டீங்க. இதுங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா? இதுங்களுக்குக் கால் இல்லையா?"

சொன்னது சத்தியமான வார்த்தை. இத்தனை வருஷ வழக்கத்தைத் தரைக்காரர் தன் வீட்டு வேலையில் கோட்டைவிட்டிருக்கிறார். இரண்டு முறையும் கண்ணால்தான் தேர்ந்தெடுத்தார். அதுவும் யார் கண்? வரவேற்பறையைப் பார்த்துப் பழகிய தன் கண். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, உடனே சிரிப்பாகவும் வந்தது. அப்படியே போய்த் தன் வேலைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

மறுநாள் பின்பக்கத் தளத்தில் துண்டுகளை ஒரு கோடாக விரித்தார். வழவழப்பு, சொரசொரப்பு, மேடு பள்ளம் வைத்த ரப்பர், கம்பளித் துண்டு, கல் துகள் எல்லாம். ஒரு கோடியில் தையல்காரம்மா கோழிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறு கோடியில் தம்பி தீனித் தட்டோடு உட்கார்ந்தான். தரைக்காரர் வழக்கம்போல் மூலையில் குந்திக்கொண்டார்.

"மாமா, நீங்க ஒரு மார்க்கமாத்தான் இருக்கீங்க" என்றான் தம்பி.

"வாய மூடு மாப்ள. காலைப் பாரு."

சூப்பர்வைசர் முதலில் புறப்பட்டது. வழவழப்புத் துண்டைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிச் சுற்றிப் போனது. கம்பளியைக் கிளறி நூல் எடுத்தது. ரப்பரில் நகம் மாட்டிக்கொள்ள, ஒற்றைக் காலில் நின்று திட்டியது. கல் துகளைக் கண்டதும் தீனித் தட்டையே மறந்துவிட்டுக் கொத்த ஆரம்பித்ததால், தையல்காரம்மா ஓடிப்போய்த் தூக்கி அப்பால் விட வேண்டியிருந்தது. அதற்கடுத்து ஒரு சாம்பல் நிறத் துண்டு கிடந்தது. பேருந்துக்குள் போடுகிற ஷீட். பார்க்க ஒரு அழகும் கிடையாது, தொட்டால் ஈர மணல்போல் லேசாகச் சொரசொரக்கும். எதற்கோ பைக்குள் கிடந்தது. அதன் மேல் சூப்பர்வைசர் விரலைப் பரப்பி வைத்தது, நடந்தது, போயே போய்விட்டது. நின்று பார்க்கவில்லை, குனியவில்லை. அடுத்து மகாராணி, அதே நடை. கடைக்குட்டி அதன் நடுவிலேயே நின்று இறக்கையைக் கோதிக்கொண்டது. அடிபட்ட அவசரம்கூட ஓடியது, ஓடியும் வழுக்கவில்லை.

"இதான்!" என்று தரையில் ஓங்கி அடித்தார் தரைக்காரர். "கீழ தரை இருக்கறதே தெரியாம நடக்குது பாரு. அதான் நல்ல தரை." தையல்காரம்மா அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவருக்கு முட்டிவலி ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. ஒரே துண்டு, நாலு பக்கமும் மேலேற்றி, வேண்டும்போது கழற்றிக் கழுவும்படி மரச்சட்டம் வைத்துப் பிடித்தார். தம்பி தன் பட்டறையிலிருந்து இழைப்புளியில் சுருண்டு விழுந்த மரச்சீவலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மேலே கொட்டினான். ஈரத்தை அது குடித்துவிடும், தினமும் வாளியைத் தூக்கவே வேண்டாம். கோழிகள் ஆசை ஆசையாய் உள்ளே போய் மெத்தையில் படுப்பதுபோல் அமுங்கின. மறுநாள் விடிந்தது. ஒரு டொக் கிடையாது. ஒரு சொட்டு கிடையாது. அவ்வளவு அமைதியில் இருவரும் நன்றாக அசந்து தூங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. பெரிய டீச்சர் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக மாடிக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கம் வாரியும் ஒரு பக்கம் வாராமலும் இருந்தது.

"மேல என்ன பண்ணினீங்க?"

"ஒரு சொட்டு விழுந்திருக்காது டீச்சர்! வந்து தொட்டுப் பாருங்க" என்று பதறினார் தையல்காரம்மா.

"சொட்டைப் பத்தி இப்ப யாரு கேட்டா? அந்தத் தட்டற சத்தம் எங்க?"

"நிறுத்திட்டேங்க. சுத்தமா நிறுத்தியாச்சு. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்றார் தரைக்காரர்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

தரைக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டீச்சர் தையல் இயந்திரத்தின் முன்னிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெளிய சொல்லாதீங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம். மூணு அலாரம் வச்சிருக்கேன், மூணையும் தூக்கத்துலயே அமத்திடுவேன். இத்தனை வருஷமா ஒருநாள் நேரத்துக்குப் போனதில்ல. பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியா, சமையற்கட்டுக்குள்ள பூந்து, யாரும் பாக்காம என் ரூமுக்குப் போயிடுவேன். இந்த டொக் டொக் வந்துச்சு பாருங்க, யாரோ கதவத் தட்டறாங்கன்னு எழுந்து ஓடுவேன். அலாரத்த அமத்தலாம், வாசல்ல வந்து நிக்கறவங்கள அமத்த முடியுமா? எழுந்தப்புறம் எங்க தூங்கறது? நிதானமாக் குளிச்சு, டீ போட்டுக் குடிச்சு, முன்வாசல் வழியா மொத ஆளாப் போனேன். வாத்தியாருங்க எல்லாம் மிரண்டுட்டாங்க."

"அப்ப கோழிதான்னு உங்களுக்கு..."

"ரெண்டாம் நாளே தெரியும். தெரிஞ்சாலும் எழுந்துடறேன். வாயத் தெறந்தா நிறுத்திடுவீங்களோன்னுதான் சும்மா இருந்தேன்." அவர் பையைத் தரையில் வைத்தார். "இன்னைக்கு நல்லாத் தூங்கிட்டேன். போய்ப் பாத்தா பின்வாசல்ல பூட்டு. முன்வாசல்ல இன்னைக்குத்தான் சேந்த புது வாட்ச்மேன், என்னைத் தெரியாது. லேட்டா வந்தா வரிசையில நில்லுங்கம்மா, பெரிய டீச்சர் உத்தரவுன்னுட்டான். நின்னேன். முன்னாடி நின்ன ஒரு பொடிசு எனக்கு எடம் விட்டு, பையைக் கீழ வச்சுக்கங்க டீச்சர், ரொம்ப நேரமாகும், எனக்குப் பழக்கம்னு சொல்லுது."

தையல்காரம்மா வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. பொங்கி வந்த சிரிப்பு வீட்டை நிறைத்தது. பெரிய டீச்சர் ஒரு கணம் முறைத்தார், பிறகு அவரும் தோற்றுப்போய்ச் சிரித்தார்.

"அப்ப கோழிங்க இருக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார் தையல்காரம்மா. சிரிப்பு அடங்காத குரலில் பயமும் கலந்திருந்தது.

"இருக்கலாமாவா? நீங்க வீட்டைக் காலி பண்ணினாலும் அதுங்க எங்கயும் போகக் கூடாது."

தையல்காரம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "என்னங்க, அந்தப் பழைய ஷீட்ட தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். தரைக்காரர் எந்தத் துண்டையும் வாழ்நாளில் தூக்கிப் போட்டவர் இல்லை. கல் துகள் ஷீட்டில் ஒரு முழம் வெட்டி, பலகையில் ஒட்டிக் கொண்டுவந்தார். சின்னப் பலகை என்பதால் அது சரியாகத் தலைக்கு மேலே இருக்க வேண்டும். மேலே நின்றுகொண்டு, கட்டிலின் தலைமாடு எந்த இடம் என்று பெரிய டீச்சருக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழே போய்த் துடைப்பக் கட்டையால் தட்டிக் காட்டுவதாகச் சொல்லி இறங்கினார்.

டொக் டொக் என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. தரைக்காரர் பலகையில் காதை வைத்துத் தவழ்ந்து தவழ்ந்து அந்த இடத்தைப் பிடித்தார். இருவரும் கூண்டைத் தூக்கி நேர் மேலே வைத்தார்கள். ஒரு மூலையில் மரச்சீவலை ஒதுக்கிப் பலகையை இறக்கினார்கள். சூப்பர்வைசர் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. டொக். அடுத்த நிமிஷம் நாலும் முட்டிமோதிக்கொண்டு டொக் டொக் டொக் டொக் என்று ஆரம்பித்தன.

"இப்ப இல்ல! காலைல! காலைல!" என்று கீழேயிருந்து பெரிய டீச்சர் கத்தினார்.

"அதுங்களுக்கு மணி பாக்கத் தெரியாது டீச்சர்! நீங்கதான் ஒரு கிளாஸ் எடுக்கணும்!" என்று தையல்காரம்மா பதிலுக்குக் கத்தினார். கத்திவிட்டுக் கூண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டு ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். தம்பி வந்ததும் அவனுக்கு முதலிலிருந்து மறுபடி சொன்னார். சாப்பிடும்போது, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்த கணவருக்கும் ஒரு முறை சொன்னார். தரைக்காரர் எதுவும் தெரியாதவர்போல் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.